பண்ட் என்றால் என்ன? நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லின் பொருள்களும் பிறப்பும்: காவிரிக் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஊர்ப் பொதுச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ அவசரமாகத் தமிழாக்கியிருந்தார்கள். ‘ஆற்றின் இடது பண்டு பலப்படுத்தும் பணி. ஆட்சேபணை உள்ளோர் 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’ படுகையில் வாழை போட்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, “தம்பி, ஆத்துக்குப் பண்டு வந்திருக்காம்ல. எவ்வளவு ரூவான்னு போட்டிருக்கா பாரு” என்றார். அவர் காதில் அது பணத்தைக் குறிக்கும் ‘ஃபண்டு’. “தொகை போடலை அய்யா” என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன். கரையை அகலப்படுத்த வந்த இயந்திரம் அவருடைய வாழைக்கு நடுவே நின்றபோதுதான், அந்தப் ‘பண்டு’ ஆற்றங்கரை என்பது விளங்கியது. அதற்குள் கெடு முடிந்திருந்தது.

ஆங்கிலத்தில் பி, யூ, என், டி என்று நான்கே எழுத்து. ஆனால் டெல்டாவில் ஆங்கிலக் காகிதத்தோடு பழகுகிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. நீர்வளத்துறை மதிப்பீடு, டெண்டர் விளம்பரம், நூறு நாள் வேலைப் பலகை, வேளாண் கல்லூரிப் பாடம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அதே நான்கு எழுத்து பங்குச் சந்தைச் செய்தியிலும், ஐரோப்பிய அரசியல் வரலாற்றிலும், ஷாங்காய் சுற்றுலாக் குறிப்பிலும் வருகிறது, வேறு வேறு பொருளோடு. இந்தச் சொல்லை எப்படிப் பிரித்தறிவது, அது எங்கிருந்து வந்தது என்று எப்படித் தேடுவது, கடைசியில் தமிழில் எப்படி எழுதுவது என்று நான் போகும் வழியிலேயே சொல்கிறேன். வேறு சின்னச் சொற்களுக்கும் இந்த வழி பயன்படும்.

முதல் படி: சொல்லைத் தனியே பிடுங்காதீர்கள்

சொல் வந்த முழு வாக்கியத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, அந்தக் காகிதத்தை எழுதியது யார் என்றும் குறியுங்கள்: பொறியாளரா, வேளாண் அலுவலரா, வங்கிக்காரரா, வரலாற்று ஆசிரியரா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ‘பண்ட்’ என்பதற்கு முன்னால் ஏரி, ஆறு, வயல், இடது, வலது என்ற பொருளில் ஒரு சொல் இருந்தால் அது மண்ணைப் பற்றிய பேச்சு. பின்னால் வட்டி விகிதமோ விளைச்சல் என்று பொருள்படும் ‘யீல்ட்’ என்ற சொல்லோ வந்தால் அது கடன்பத்திரம். ‘யீல்ட்’ என்பது வயல் விளைச்சலுக்கும் உரிய சொல் என்பதால் இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் காகிதம் யாருடையது என்ற கேள்விதான் காப்பாற்றும்.

இரண்டாம் படி: முதல் எழுத்தையும் ஒலியையும் பாருங்கள்

ஆங்கிலத்தில் மண்கரையைக் குறிக்கும் ‘பண்ட்’ சின்ன எழுத்தில் தொடங்கும். அகர ஒலியோடு ஒலிக்கும். ஜெர்மன் வழியாக வந்த இன்னொன்று பெரும்பாலும் பெரிய எழுத்தில் தொடங்கும். உகரம் கலந்து ‘புந்த்’ என்பதுபோல ஒலிக்கும். எழுத்து நான்கும் ஒன்றே, சொல் இரண்டு. முன்னால் ‘தி’ என்ற சுட்டோடு பெரிய எழுத்திலும் அகர ஒலியிலும் வந்தால், அது பெரும்பாலும் ஷாங்காயின் ஆற்றோரச் சாலை.

தமிழ் எழுத்தில் இந்தச் சோதனை பலிக்காது. நமக்குப் பகரம் ஒன்றுதான். ஆங்கிலத்தின் மூன்று வேறு ஒலிகளும் நம் எழுத்தில் ‘ப’ ஆகிவிடுகின்றன. கரையும் ‘பண்டு’, நிதியும் ‘பண்டு’. போதாததற்கு, முற்காலத்தைக் குறிக்கும் ‘பண்டு’ நம்முடைய சொந்தச் சொல். பெரியவர் தவறாகப் படிக்கவில்லை. எழுதியவர் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

மூன்றாம் படி: பொருள்களை அவை புழங்கும் இடத்தோடு சேர்த்து அடுக்குங்கள்

முதலில் தண்ணீர். ஆறு, ஏரி, வாய்க்கால் ஆகியவற்றின் ஓரத்தில் மனிதர்கள் எழுப்பிய மண்கரைதான் பண்ட். மனிதர்கள் எழுப்பியது என்பது இங்கே முக்கியம். ஆறு தானாக அமைத்துக்கொண்ட ஓரத்துக்கு ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்றுதான் பெயர். தமிழில் இரண்டுக்கும் ‘கரை’ என்கிறோம். அதனால் ஆங்கில ஆவணத்தில் இரண்டு சொற்களும் ஒரே பத்தியில் வந்தால் கவனமாக இருங்கள். ஒன்று இயற்கையான ஓரம். மற்றது வெள்ளம் தடுக்க எழுப்பிய மேடு. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது படுகை. படுகையில் சாகுபடி செய்கிறவருக்கு, தன் நிலம் எந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி. இடது, வலது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் இடது கரை. கடலிலிருந்து கல்லணையைப் பார்த்து நின்றால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஏரிக்கரைக்கு ‘டேங்க் பண்ட்’ என்பார்கள். ஐதராபாத்தில் உசேன்சாகர் கரைமேல் போகும் சாலைக்கு அதுவே பெயர். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏரி போய்விட்டது. டேங்க் பண்ட் ரோடு மட்டும் இருக்கிறது. ஏரி இருந்த இடத்தைக் காட்டும் அடையாளமாக ஒரு தெருப்பெயர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அடுத்தது வயல். ‘ஃபீல்டு பண்ட்’ என்றால் வரப்பு. மானாவாரிச் சரிவுகளில் சம உயரக் கோட்டை ஒட்டி, மண் அரிப்பைத் தடுக்கப் போடும் வரப்புக்கு ‘காண்டூர் பண்ட்’. நூறு நாள் வேலைப் பலகைகளில் இதுதான் அடிக்கடி வரும். ஆற்றின் பெருங்கரையும் முழங்கால் உயர வரப்பும் ஆங்கிலத்தில் ஒரே சொல் ஆகிவிடுகின்றன. நமக்கோ ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி வேலை: வரப்பை அண்டை வெட்டிச் சேறு பூசுகிறோம், கரைக்கு மண் அணைக்கிறோம், உடைப்பு எடுத்தால் சவுக்குக் கம்பு அடித்து மணல் மூட்டை அடுக்குகிறோம். திருச்சி, கரூர் பக்கம் ஆற்றுக்குள் தண்ணீரைத் திருப்ப மணலும் தழையும் போட்டுத் தற்காலிகமாக எழுப்பும் தடுப்புக்குக் ‘கொரம்பு’ என்று பெயர். ஆங்கிலக் காகிதத்தில் அதுவும் பண்ட் ஆகிவிடலாம்.

தொழிற்சாலையில் இன்னொரு பொருள். எண்ணெயும் ரசாயனமும் சேமிக்கும் பெரிய தொட்டிகளைச் சுற்றி, கசிந்தால் வெளியே ஓடாமல் தேக்க எழுப்பும் சுவரும் பண்ட்தான். பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காடாவது அந்தச் சுவருக்குள் அடங்க வேண்டும் என்பது பிரிட்டனில் வழக்கமான கணக்கு. வயலுக்குள் நீரைத் தேக்கும் வரப்பின் தத்துவம் அங்கே எண்ணெய்க்குப் பயன்படுகிறது.

ஊர்ப்பெயராக நிற்பது ஷாங்காயில், ஹுவாங்பு ஆற்றோரம். இந்தியாவில் பழகிய பிரிட்டிஷ்காரர்கள் இந்தச் சொல்லைச் சீனத் துறைமுகங்களுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே கரையைக் கட்டிப் படகுத்துறையாக்கிய இடத்துக்குப் பண்ட் என்று பெயர் வைத்தார்கள். சீனர்கள் அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் வேறு.

ஜெர்மன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இதற்குக் கூட்டமைப்பு, சங்கம் என்று பொருள். அந்த நாட்டின் கூட்டாட்சி நிறுவனங்கள் பலவற்றின் பெயரிலும் இது ஒட்டியிருக்கும். 1963ல் தொடங்கிய கால்பந்துப் போட்டியான பன்டஸ்லிகாவின் பெயரும் அப்படி வந்ததே. ஜெர்மன் அரசின் கடன்பத்திரத்தைச் சந்தைக்காரர்கள் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். 1897ல் அன்றைய ரஷ்யப் பேரரசின் வில்னா நகரில் தொடங்கிய யூதத் தொழிலாளர் இயக்கத்துக்கும் இதுவே பெயர். 1936ல் அமெரிக்காவில் நாஜி ஆதரவாளர்கள் தொடங்கிய அமைப்பும் இதே சொல்லைத் தன் பெயரில் வைத்திருந்தது. ஒன்றுக்கொன்று முற்றிலும் எதிரான இரண்டு அமைப்புகள் ஒரே சொல்லோடு வருவதால், ஆண்டையும் நாட்டையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

நான்காம் படி: எழுத்திலிருந்தே வழித்தடம் பிடியுங்கள்

இந்தப் படி எனக்கு மிகவும் பிடித்தது. மண்கரைச் சொல்லில் ஏன் ‘யூ’ என்ற எழுத்து இருக்கிறது? பஞ்சாப் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பண்டிதர் என்று பொருள்படும் ‘பண்டிட்’ என்பதையும் எழுதுங்கள். இரண்டிலும் முதல் அகரத்துக்கு யூ போடும் பழக்கம் உண்டு. வட இந்தியச் சொற்களின் குறுகிய அகரத்தை, கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி அந்த எழுத்தால் எழுதினார்கள். ஆகவே யூ எழுத்தை மட்டும் வைத்தே, இது இந்தியாவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல்லாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். அகராதி அதை உறுதி செய்கிறது: இந்துஸ்தானியில் ‘பந்த்’, அதற்கு முன் பாரசீகத்தில் ‘பந்த்’.

இங்கே நம் தஞ்சாவூர் வருகிறது. ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்கென்று 1886ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னலும். இந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையிலிருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880ல் வெளியிட்டார். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்காமலே 1882ல் இறந்துபோனார். அந்த அகராதி பண்ட் என்ற சொல்லுக்கு ஒரு நுட்பமான நியாயம் சொல்கிறது. வேர் சமஸ்கிருதத்திலும் உண்டு, பாரசீகத்திலும் உண்டு. ஆனால் சமஸ்கிருத வழியில் வந்திருந்தால் கடைசி மெய்யில் மூச்சு அழுத்தம், அதாவது தகரத்தோடு ‘ஹ’ சேர்ந்த ஒலி, இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால் பாரசீக வழிதான் பொருந்துகிறது. இந்தியில் அணைக்கு ‘பாந்த்’ என்று மூச்சு கலந்த ஒரு சொல் தனியே இருக்கிறது. அது சமஸ்கிருதப் பிள்ளை. பண்ட் பாரசீகப் பிள்ளை. ஒரு மெய்யெழுத்தின் மூச்சை வைத்து இரண்டு குடும்பத்தைப் பிரித்த அந்த முறையை, எந்தச் சொல்லைத் தேடினாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரசீகத்தில் பந்த் என்றால் கட்டு, அணை. இரானில் ஷுஷ்டர் என்ற ஊரில் ‘பந்த்-இ-கைசர்’ என்ற பழைய அணைப்பாலம் இருக்கிறது. அதைச் சேர்த்து அந்த ஊரின் நீர் அமைப்புகளை 2009ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாரசீக மன்னனிடம் பிடிபட்ட ரோமானியச் சிறைக்கைதிகள் கட்டியது என்பது அங்கே வழங்கும் கதை. ஈழத்திலிருந்து பிடித்துவந்தவர்களைக் கொண்டு சோழன் காவிரிக்குக் கரை எழுப்பினான் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகப் படாது.

இன்னொரு தடயம் நம் எழுத்திலேயே உண்டு. கடையடைப்பைக் குறிக்கும் ‘பந்த்’ என்ற சொல்லைத் தமிழில் ‘ந்த்’ போட்டு எழுதுகிறோம். கரையைக் குறிப்பதை ‘ண்ட்’ போட்டு எழுதுகிறோம். இரண்டும் ஒரே பாரசீகச் சொல். முதலாவது வடக்கிலிருந்து இந்தி வழியாக வந்தது. பல்லில் நாக்கு படும் ஒலி அப்படியே இருக்கிறது. இரண்டாவது ஆங்கில நாக்கில் போய்த் திரும்பியது. ஆங்கிலத்தின் ‘டி’ நம் காதுக்கு டகரமாகத்தான் கேட்கும். ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக நம் வீட்டுக்குள் வந்து, ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாம் படி: வேருக்குப் போய் உறவினரைக் கூட்டுங்கள்

பாரசீகத்தின் பந்த், சமஸ்கிருதத்தின் பந்தம், ஜெர்மனின் புந்த், ஆங்கிலத்தில் கட்டுவதைக் குறிக்கும் ‘பைண்ட்’ எல்லாம் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. வேரின் பொருள் ‘கட்டு’. ஆங்கிலத்தின் ‘பண்டில்’, கடன்பத்திரத்தைக் குறிக்கும் ‘பாண்ட்’ ஆகியவையும் இந்தக் குடும்பம். ஆகவே இரண்டாம் படியில் வேறு வேறு சொல் என்று பிரித்த இரண்டும் தொலைதூர உறவுதான். ஒன்று தண்ணீரைக் கட்டியது. மற்றது மனிதர்களைக் கட்டியது.

தமிழில் கடனாக வந்து குடியேறியவர்களையும் பாருங்கள். காவல்துறை போடும் பந்தோபஸ்து பாரசீகம். அதன் முதல் பாதி நம் பந்த். நிபந்தனை, பிரபந்தம், சம்பந்தம் சமஸ்கிருதம். சீர்காழிப் பிள்ளையாரின் திருநாமமான ஞானசம்பந்தர் என்பதிலும் அதே வேர். கல்யாண வீட்டில் சம்பந்தி என்கிறோமே, அதுவும் கட்டுண்டவர் என்ற பொருள்தான். கிரேக்க மொழியில் மாமனாருக்குப் பெயர் ‘பெந்தெரோஸ்’. அந்தச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. கல்யாணத்தால் கட்டுப்பட்ட உறவுக்கு, அத்தனை தூரத்தில் இருந்த மக்களும் அந்த வேரையே எடுத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ் இந்தக் குடும்பம் அல்ல. ஆனால் நாம் என்ன செய்தோம்? அணை‘கட்டு’ என்றோம். மாடு கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், கரை கட்டுகிறோம். உறவு இல்லாத மொழியிலும் எண்ணம் ஒன்றாகவே இருக்கிறது: தண்ணீரைத் தடுப்பது என்பது தண்ணீரைக் கட்டுவது. கயிறு திரித்த கைதான் கரையும் போட்டது. ஆங்கிலமும் இந்தத் தமிழ்க் கட்டை இரண்டு முறை வாங்கியிருக்கிறது. ஒன்று கட்டுமரம்; மற்றது அணைக்கட்டு, ஆங்கிலத்தில் ‘அனிகட்’. ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பு மேலணையையும் அணைக்கரைக் கீழணையையும் கட்டியபோது அவற்றை அப்பர் அனிகட், லோயர் அனிகட் என்றே ஆங்கிலத்தில் எழுதினார்கள். கல்லணை கிராண்ட் அனிகட் ஆனது. ஆற்றுக்குக் குறுக்கே நிற்பதற்குத் தமிழ்ச் சொல்லையும், ஆற்றுக்கு இணையாக ஓடுவதற்குப் பாரசீகச் சொல்லையும் ஒரே நீர்வளத்துறைப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஆறாம் படி: ஒலி ஒற்றுமையைக் கண்டு மயங்காதீர்கள்

இந்த இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். பந்தல் என்ற தமிழ்ச் சொல்லை இந்தப் பந்தத்தோடு முடிபோட ஆசை வரும், வேண்டாம். விளையாடும் பந்து தனிச் சொல். பண்டம், பண்டு, பண்டிகை ஆகியவற்றுக்கும் இந்தக் கரைக்கும் சம்பந்தமில்லை. ‘எல்லாம் தமிழிலிருந்து போனது’ என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் அதே விதமாக நடந்திருக்கிறதா? பொருள் ஒட்டுகிறதா? அந்தச் சொல் பயணம் செய்ய ஆட்களும் பாதையும் இருந்தார்களா? அணைக்கட்டு மூன்றிலும் தேறும். பண்ட் தமிழிலிருந்து போனது என்ற வாதம் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். தமிழுக்கு உரியதை உரிமையோடு சொல்ல வேண்டுமானால், உரியதல்லாததை விட்டுக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ஏழாம் படி: தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்

தமிழில் எழுதும்போது ‘பண்டு’ என்று எழுதவே எழுதாதீர்கள். ஆற்றோரம் என்றால் கரை. ஏரிக்கு ஏரிக்கரை. வயலுக்கு வரப்பு. சரிவுநிலத்தில் சம உயர வரப்பு. ஆற்றுக்குள் தற்காலிகமானது என்றால் கொரம்பு என்றோ மண் தடுப்பு என்றோ அந்த ஊர் வழக்கப்படி எழுதலாம். எண்ணெய்த் தொட்டிக்குத் தடுப்புச் சுவர். ஜெர்மன் கடன்பத்திரம் என்று முழுதாகச் சொல்லுங்கள். இயக்கங்களுக்கு மட்டும் பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் அது எந்த நாட்டு இயக்கம் என்று ஒரு சொல் சேருங்கள்.

எழுதி முடித்ததும் அந்த வரியைக் கரையில் நிலம் வைத்திருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “எந்தக் கரை, எது வரைக்கும்?” என்று அவர் கேட்டால் மொழிபெயர்ப்பு சரி. “எவ்வளவு ரூவா?” என்று கேட்டால் திரும்ப எழுதுங்கள்.

அந்தப் பழைய அறிவிப்பைப் பின்னாளில் நான் இப்படித் திருத்தி எழுதினேன்: ‘தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கமாக வரும் ஆற்றுக்கரையை மண் போட்டு அகலப்படுத்தப் போகிறோம். கரையடியிலும் படுகையிலும் பயிர், மரம் வைத்திருப்பவர்கள் 15 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.’ அடுத்த முறை எங்கள் பக்கம் கரை வேலைக்குக் காகிதம் வந்தபோது, ஊர்க்காரர்கள் அதை என்னிடம் கொடுத்து இந்த மாதிரியில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். அந்த வாரமே 7 பேர் மனு கொடுத்தார்கள். முதல் மனு அந்தப் பெரியவருடையது.